ரெமெய்க்கும் எனக்கும் நடுவில் ஒரு ஹாலந்துக்காரர்

வில்லார்கோர்,
செப்டம்பர் மாதம், சனிக்கிழமை சாயங்காலம்.

என் அருமை மருமகளும், மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் வழிகாட்டிப் புத்தகம் எழுதும் பெரிய பொறுப்பில் இருப்பவளுமான செல்வி மிரேயாவுக்கு, உன் தாய்மாமன் எவுதால்த் நிறைய ஆசீர்வாதங்களோடும் ஒரே ஒரு புகாரோடும் எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம். என் இடது முழங்கால் மட்டும் அவ்வளவு சுகமில்லை; ஊர்த் திருவிழா முடிந்த வாரத்தில் அது எப்போதும் அப்படித்தான். அங்கே உன் சுகமும், உன் பூனையின் சுகமும், நீ புதிதாக வாங்கிய வண்டியின் இடப்பக்கக் கதவின் சுகமும் அறிய ஆவல். கதவைப் பற்றி உன் அம்மா சொன்னாள். காலமெல்லாம் இந்த ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவனின் மருமகள் நின்ற இடத்தில் நிற்கும் தூணில் போய் இடித்தாள் என்பது வெளியே தெரிய வேண்டாம் என்று நானும் யாரிடமும் சொல்லவில்லை. ரொட்டிக் கடை குயிமிடம் மட்டும் சொன்னேன். அவன் மற்றவர்களிடம் சொல்லியிருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வெளியூர்ப் பயணிகளுக்காக நீ எழுதிய 'கத்தலான் பண்பாடும் மரபும்' என்ற சிறு புத்தகத்தை நம் நகராட்சி வாசலில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மாமன் என்ற பெருமையோடுதான் ஒன்றை எடுத்து வந்து படித்தேன். மனிதக் கோபுரம் பற்றி எழுதியதில் குறை இல்லை; உச்சிக்கு ஏறும் பிள்ளையைப் பார்த்துக் கீழே நிற்கும் தாய் கண்ணை மூடிக்கொள்வதை விட்டுவிட்டாய், போகட்டும். சுட்ட வெங்காயத்தாளைக் குழம்பில் தோய்த்து அண்ணாந்து வாயில் இறக்கும்போது கழுத்தில் துணி கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாய், நல்ல காரியம். தக்காளி தேய்த்த ரொட்டியைச் 'சிற்றுண்டி' என்று எழுதியதற்கு உன் அம்மாவிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள். கிறிஸ்துமஸ் மரக்கட்டைக்குப் போர்வை போர்த்தி, நாளெல்லாம் ஊட்டி வளர்த்து, கடைசியில் கம்பால் அடித்துப் பரிசு கழிய வைப்போம் என்பதை இரண்டே வரியில் முடித்துவிட்டாய். அதைப் படிக்கிறவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று யோசித்தாயா? இதையெல்லாம் நான் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் சர்தானா நடனத்தைப் பற்றிய பக்கத்தில் நீ எழுதியிருக்கிற வாக்கியத்தை இங்கே அப்படியே தருகிறேன், நீயே படித்துப் பார்: "சதுக்கத்தில் கைகோர்த்து ஆடும் வட்டத்தைக் கண்டால் தயங்க வேண்டாம். உங்களுக்குப் பிடித்த இடத்தில் புகுந்து கைகோர்த்துக்கொள்ளுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள்."

பிடித்த இடத்தில். மிரேயா, நீ இந்த ஊரில் பிறந்தவள். ஓர் ஆணுக்கும் அவன் வலப்பக்கம் நிற்கும் அவன் ஜோடிக்கும் நடுவில் யாரும் புகக் கூடாது, புகுவதானால் அந்தப் பெண்ணுக்கு வலப்பக்கம் போய்ப் புக வேண்டும் என்பது உனக்குத் தெரியாதா? நம் சதுக்கத்தில் திரியும் நாய்களுக்குக்கூட இது தெரியும், அவை சுற்றிக்கொண்டுதான் போகும். எனக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. உனக்கு நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த காலத்திலும் நுழையக் கூடாத தெருவாகப் பார்த்துத்தான் நுழைவாய். ஆனால் அப்போது என் பக்கமும் ஒரு பிரேக் இருந்தது.

உன் வாக்கியத்தால் எனக்கு வந்த கஷ்டத்தைச் சொல்ல வேண்டுமானால் ரெமெய்யிலிருந்து தொடங்க வேண்டும். ரெமெய்யை உனக்குத் தெரியும். கோவில் சந்தில் நூலும் பட்டனும் விற்றவர், நீ பள்ளிக்கூடத்தில் யாரோடாவது சண்டை போட்டு அங்கியைக் கிழித்துக்கொண்டு வரும்போதெல்லாம் உன் அம்மாவுக்குத் தெரியாமல் தைத்துக் கொடுத்தவர். என் மனைவி, உன் அத்தை தெக்லா இறந்த பிறகு நான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சதுக்கத்துக்கு வந்து, ஆடாமல் ஓரமாக நின்றுவிட்டுப் போய்விடுவேன். ஒரு ஞாயிறு ரெமெய் வந்தார். அவருடைய கணவர் போய் அப்போதே நாளாகியிருந்தது. கைப்பையை வட்டத்தின் நடுவில் மற்றவர்கள் பைகளோடு போட்டுவிட்டு, "உங்க கை சும்மாதான இருக்கு, குடுங்க" என்றார். அன்றிலிருந்து இன்றுவரை எந்த ஞாயிறும் என் வலப்பக்கம் அவர்தான். இதை ஊரே பார்க்கிறது, யாரும் ஒன்றும் கேட்டதில்லை, நாங்களும் ஒருவரிடம் ஒருவர் ஒன்றும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லிக்கொள்ளாததற்குக் காரணம் நான் எங்கள் வட்டத்தின் எண்ணுபவன். இசை எவ்வளவு நீளம் என்று முதல் சுற்றிலேயே எண்ணிக் கணக்குப் போட்டு, கையைத் தாழ்த்தி ஆடும் அடிகளையும் தூக்கி ஆடும் அடிகளையும் பிரித்துக் கொடுத்து, கடைசி ஒலியும் கடைசிக் காலும் ஒன்றாக விழும்படி வட்டத்தைக் கொண்டுபோய் நிறுத்துகிறவன் வாயைத் திறந்தால் கதை முடிந்தது. அதனால் இத்தனை வருஷமாக ரெமெய் ஆடிக்கொண்டே என்னிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார், கடையை மூடியது, கால் ஆணி, மருமகளின் சமையல் எல்லாம். நான் பதிலுக்குச் சொன்னதெல்லாம் எண்கள்தான்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிறு, கை தூக்கி ஆடும்போது அவர் சொன்னார், "ஒலெகேர் என்ன லெய்தாவுக்கே வந்துடச் சொல்றான். இந்த வீட்ட வாங்கவும் ஆள் வந்துட்டாங்க. செப்டம்பர் கடைசில மிக்கேல் திருநாள், அதுக்குள்ள பதில் சொல்லணும். நீங்க என்ன நெனைக்கிறீங்க?" ஒலெகேர் அவருடைய மகன், லெய்தாவில் டிராக்டர் விற்கிறான். நான் அப்போது கணக்கின் நடுவில் இருந்தேன். "இருபத்து மூணு" என்றேன். அவர் சிரித்தார், ஆனால் முழுதாகச் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்குச் சரியான தூக்கம் இல்லை. லெய்தா எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். அங்கே போனவர் ஞாயிற்றுக்கிழமை நம் சதுக்கத்தில் கை கொடுக்க வர முடியாது. எனவே திருவிழா ஞாயிறன்று எண்ணும் வேலையைக் குயிமிடம் கொடுத்துவிட்டு, ஆடும்போதே ரெமெய்யிடம் போக வேண்டாம் என்று சொல்லிவிடுவது என முடிவு செய்தேன். அவனிடம் போய்க் கேட்டேன்.

"ஏம்பா, திருவிழா அன்னிக்கு ஒரே ஒரு ஆட்டம் நீ எண்ணு. எனக்கு ரெமெய்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

"பேசறதுக்கு வாரத்துல மத்த நாளெல்லாம் என்ன பண்ற? அவங்க வீட்டுக் கதவத் தட்டேன்."

"தட்டினா, என்ன விஷயம்னு கேப்பாங்க."

"அதச் சொல்லத்தானப்பா போற."

"அது வேற குயிம், உனக்குப் புரியாது."

"புரியுது, புரியுது. பக்கத்துல உக்காந்து பிரேக் போட்டே பழகினவன் நீ. ஓட்டற எடத்துல உக்கார பயம்."

இப்படிப் பேசினாலும் எண்ணுவதாக ஒப்புக்கொண்டான். நானும் முடிவெட்டிக்கொண்டு, உன் அம்மா எடுத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சணல் செருப்புக்குப் புது நாடா கட்டிக்கொண்டு போய் நின்றேன். வாத்தியக்காரர்கள் மேடையில் அமர்ந்தார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களுக்கு அடுத்தாற்போல் ஒரு வட்டம் போட்டார்கள், ஒரு கையால் ஊதுகிற சின்னக் குழல் முதலில் கூவியது, எல்லாம் நன்றாகவே இருந்தது. நாங்கள் கை தாழ்த்தி ஆடத் தொடங்கினோம். கை தூக்கும் அடிகள் வந்ததும் பேசிவிடலாம் என்று நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டபோது யாரோ என் தோளைத் தட்டினார்கள். திரும்பினால் நம் கோவில் கதவு உயரத்துக்கு ஒரு மனுஷன், முதுகில் ஒரு வீட்டையே மூட்டையாகக் கட்டிக்கொண்டு, கையில் உன் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி நிற்கிறார். ஹாலந்துக்காரர். பெயர் யோரிஸ், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அவர் புத்தகத்தைப் பார்த்தார், எங்கள் இருவர் கையையும் பார்த்தார், மூட்டையை வட்டத்தின் நடுவில் ரெமெய்யின் பைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார். பிறகு பணிவாகத் தலையைக் குனிந்து எங்கள் கைகளுக்கு நடுவில் தன் இரண்டு கைகளையும் நீட்டினார்.

மிரேயா, அந்த நேரத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். "இவங்க என் ஜோடி" என்று சொன்னால் அந்த மனுஷர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சுற்றிப் போயிருப்பார். வட்டத்தில் இருந்த அத்தனை பேரும் நான் அதைச் சொல்லப் போகிறேன் என்று என் வாயையே பார்த்தார்கள். குயிம் எண்ணுவதை விட்டுவிட்டுப் பார்த்தான். ரெமெய்யும் பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வாங்க, வாங்க, தாராளமா இடம் இருக்கு" என்றேன். ரெமெய் என் கையை விட்டார். அவராக விடவில்லை, நான் அப்படிச் சொன்னதால் விட்டார்.

அதற்கு மேலும் நான் பின்வாங்கவில்லை. கை தூக்கும் அடி வந்ததும், அந்த மனுஷரின் சட்டைப் பட்டன்களைத் தாண்டி ரெமெய் இருந்த திசையில், "லெய்தாவுக்குப் போகாதீங்க" என்று சத்தமாகச் சொன்னேன். தெனோரா என்ற நீளக் குழலை வாசிப்பவர் அப்போதுதான் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுகிறார். ஹாலந்துக்காரர் என்னிடம் குனிந்து, எங்கோ வகுப்பில் படித்த ஸ்பானிஷ் மொழியில், "நான் லெய்தாவுக்குப் போகலீங்க, ஜிரோனாவுக்குத்தான் போறேன்" என்றார். ரெமெய் அவரிடம், "என்ன சொல்றார்?" என்று கேட்டார். "எனக்கு வழி சொல்றார். ரொம்ப நல்ல மனுஷர்" என்றார் அவர். இதற்குள் குயிமுக்கு எண்ணிக்கை போய்விட்டது. எல்லோரும் காலைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது இசை நின்றது. பக்கத்து ஊர்க்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். நம் வட்டத்துக்கு இப்படி ஓர் அவமானம் என் நினைவில் நடந்ததில்லை.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். பைகளை எடுக்கப் போனால் ஹாலந்துக்காரர் மூட்டையின் கொக்கியில் ரெமெய் பையின் வார் சிக்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேரும் மண்டியிட்டு உட்கார்ந்து அதை எடுத்தார்கள். எடுக்க எடுக்கப் பேசினார்கள், சிரித்தார்கள். இந்த நடனத்தை முறையாகக் கற்றுக்கொள்ள ஆசை என்றாராம் அவர். "என் கடை காலியாத்தான் கெடக்கு, வாங்க, சொல்லித் தரேன்" என்றாராம் இவர். மனுஷர் ஜிரோனா பயணத்தை அன்றே ரத்து செய்துவிட்டுக் குயிமின் மாடி அறையை வாடகைக்குப் பிடித்தார்.

திங்கட்கிழமையிலிருந்து தினமும் மத்தியானம் நூல் கடையில் பாடம். கடையின் இரும்புக் கதவைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். எதிரே இருக்கும் மதுக்கடையில் உட்கார்ந்தால் கதவுக்குக் கீழே நாலு கால்கள் மட்டும் தெரிகின்றன. இரண்டு ரெமெய்யுடையவை, மற்ற இரண்டும் படகுகள். நான் வேண்டுமென்று அங்கே போய் உட்காரவில்லை, அந்தக் கடையில் ஆலிவ் நன்றாக இருக்கும் என்பது உனக்கே தெரியும். செவ்வாய்க்கிழமை ரெமெய் கதவுக்கடியில் குனிந்து வெளியே வந்தார்.

"எவுதால்த், அங்க தனியா உக்காந்து என்ன பண்றீங்க? உள்ள வாங்க. எங்களுக்கு எண்ண ஆள் வேணும்."

"எனக்கு முழங்கால் வலி."

"எண்றதுக்கு முழங்கால் எதுக்கு?"

நான் ஆலிவ் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் மறுபடி குனிந்து உள்ளே போய்விட்டார்.

வியாழக்கிழமை நடந்ததைக் கேட்டால் உனக்கே தாங்காது. குயிம் மூச்சு வாங்க வந்து, "அந்த நெட்டையன ரெமெய் காளான் பொறுக்கக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. கூடை நெறையக் கொண்டு வந்திருக்கான்" என்றான். காளான் இடத்தைக் காட்டுவதென்றால் என்ன என்று புத்தகம் எழுதிய உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் சாகக் கிடக்கும் தகப்பன்கூடப் பிள்ளைகளுக்குத் திசையை மட்டும் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுவான். இத்தனை வருஷத்தில் ரெமெய் தன் இடம் மலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றுகூட என்னிடம் மூச்சுவிட்டதில்லை. நானும் கேட்டதில்லை, கேட்பது நாகரிகமும் இல்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் காளானில் பாதியைப் பூண்டு போட்டு வதக்கி ஹாலந்துக்காரர் குயிமிடம் எனக்கென்றே கொடுத்தனுப்பியிருந்தார் என்பது என் வேதனையை அதிகமாக்கியது. நன்றாக இருந்தது என்பது அதைவிட அதிகமாக்கியது.

எனவே, மாவட்டச் சுற்றுலா அலுவலகத்துக்கு என் கோரிக்கை இது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு உடனே புதிதாக அச்சடிக்க வேண்டும். அதில் பெரிய எழுத்தில், கட்டம் கட்டி, ஜோடிக்கு நடுவில் நுழையக் கூடாது, ஜோடியா இல்லையா என்று தெரியாவிட்டால் ஜோடி என்றே வைத்துக்கொள்ள வேண்டும், வட்டத்தில் யாராவது வாயடைத்து நின்றால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று போட வேண்டும். சிவப்பு மையில் போட்டால் இன்னும் நல்லது.

இதெல்லாம் இனி எனக்கு உதவப் போவதில்லை என்பதும் தெரியும். மகனுக்கு ரெமெய் பதில் சொல்ல வேண்டிய நாள் வந்துவிட்டது. நாளை ஞாயிறு. நாளைய ஆட்டமே அவருக்கு நம் ஊரில் கடைசியாக இருக்கலாம். நான் போகப் போவதில்லை. கை சும்மா இருக்கும் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும் மிரேயா, உன் அத்தை போனபோது அதை அனுபவித்துவிட்டேன். இரண்டாம் தடவை சதுக்கத்தில் நின்று அதைத் தொடங்க எனக்குத் தைரியம் இல்லை.

உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல். பூனையை எனக்காக ஒரு தடவை தடவிக் கொடு, கடித்தால் விட்டுவிடு. நம் ஊர் மாதா உன்னை எல்லாக் கேட்டிலிருந்தும் தூணிலிருந்தும் காப்பாளாக. நீண்ட ஆயுளும், நல்ல உத்தியோகமும், திருப்பங்களில் வேகத்தைக் குறைக்கும் புத்தியும் உனக்கு வாய்க்கட்டும் என்று வாழ்த்தும்,

உன் மாமன்,
எவுதால்த்

பின்குறிப்பு: ஞாயிறு மத்தியானம் எழுதுகிறேன். நேற்று தபால்தலை வாங்கப் போவதற்குள் புகையிலைக் கடையை மூடிவிட்டார்கள், அதனால் கடிதம் மேஜையிலேயே கிடக்கிறது. அந்தப் பக்கத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாதே. மேலே எழுதியதை உன் அதிகாரியிடம் காட்டாதே, படித்ததை மறந்துவிடு.

காலையில் குயிம் வந்து, "நான் எண்ணினா என்ன ஆகும்னு போன வாரம் பாத்தல்ல? பக்கத்து ஊர்க்காரன் மறுபடி சிரிக்கணுமா?" என்று என்னை இழுத்துக்கொண்டு போனான். ரெமெய் பையை நடுவில் போட்டுவிட்டு, என் வலப்பக்கம் வந்து கை கொடுத்தார். குழல் கூவியதும் ஹாலந்துக்காரர் வந்தார். புது சணல் செருப்பு, கறுப்பு நாடாவை முழங்கால்வரை சுற்றிக் கட்டியிருந்தார். நேராக எங்களிடம்தான் வந்தார். மறுபடி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மூச்சை இழுத்து வாயைத் திறப்பதற்குள் அவர் ஒரு வணக்கம் போட்டுவிட்டு, வட்டத்தையே சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்க் குயிமின் இடக்கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்டம் சுத்தமாக முடிந்தது. முடிந்ததும் நான் அவரிடம் போனேன்.

"போன வாரம் எங்களுக்கு நடுவுலதான வந்தீங்க. இன்னிக்கு ஏன் சுத்திப் போனீங்க?"

அவர் நம் கத்தலான் மொழியிலேயே, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து வைத்துப் பேசினார். "அங்க நுழையக் கூடாது. ஆணுக்கும் அவர் ஜோடிக்கும் நடுவுல கை போடக் கூடாது. ரெமெய் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்."

தவறாகச் சொன்னால் திருத்துவது என் தொழில் புத்தி. "சட்டம் சரிதான். ஆனா அது ஜோடிகளுக்கு" என்றேன்.

"நானும் அதத்தான் கேட்டேன். நீங்க ரெண்டு பேரும் ஜோடியான்னு. ஆமா, பல வருஷமா, ஆனா அவருக்கு இன்னும் தெரியாது, எண்ணிக்கிட்டே இருக்கார்னு சொன்னாங்க."

திரும்பினேன். பையை எடுக்க வந்த ரெமெய் எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். "லெய்தாவுக்குப் போகாதீங்க" என்றேன். "வீடு வாங்க வந்தவங்கள புதன்கிழமையே திருப்பி அனுப்பிட்டேன்" என்றார். "இத என்கிட்ட சொல்லலாமே" என்றேன். "எப்பச் சொல்றது, உங்களுக்குத்தான் முழங்கால் வலியாச்சே" என்றார். அதற்குள் அடுத்த ஆட்டத்துக்குக் குழல் கூவியது. நான் எண்ணவில்லை, பேசினேன். வட்டம் தப்பான காலில் முடிந்தது, குயிம் திட்டினான், பக்கத்து ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். இசை நின்ற பிறகும் கையை விட வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.